கரும்பாறையடியின் காணாமற்போன குடிகள்: ஓர் எண்ணெய்க் கசிவும் ஒரு சிற்றுயிரும் – நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

பிரான்சின் வடமேற்கு மூலையில், பிரித்தானிப் பகுதியின் வடகரையில் மோர்லே விரிகுடா இருக்கிறது. ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயை ஒட்டிய கரை இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் எட்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகலில் ஆட்கள் சிப்பி பொறுக்குவார்கள். விரிகுடாவின் மேற்கு முனையில் ரோஸ்கோஃப் என்ற சிற்றூரும், அங்கே 1872-இல் தொடங்கப்பட்ட கடல் உயிரியல் நிலையமும் உள்ளன. 1978-இல் அமோகோ காடிஸ் என்ற கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய், இந்த விரிகுடாவின் அடியில் வாழ்ந்த ஆம்பெலிஸ்கா என்ற சிற்றுயிரை என்ன செய்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இந்தக் கரைக்கு ஒரு சாபம் உண்டு. பாரசீக வளைகுடாவிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் உஷாந்த் தீவைச் சுற்றிக்கொண்டுதான் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைய வேண்டும். 1967-இல் இங்கிலாந்துக் கரையோரம் உடைந்த டோரி கேன்யனின் எண்ணெய் பிரித்தானிவரை வந்தது. 1976-இல் ஒலிம்பிக் பிரேவரி உஷாந்தில் தரைதட்டியது. அதே ஆண்டில் பூலன் என்ற கப்பல் மூழ்கியது. ஆகவே எண்ணெய் இந்த மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த விபத்துகளில் கடலடி உயிர்கள் பட்ட பாட்டை எடைபோட யாரிடமும் சரியான கணக்கு இல்லை. முன்பு எவ்வளவு இருந்தன என்று தெரியாதபோது, எவ்வளவு செத்தன என்று எப்படிச் சொல்வது?

விபத்துக்கு முந்தைய ஆண்டு

1977-இல் ரோஸ்கோஃப் நிலையத்தின் ஆய்வாளர்கள் விரிகுடாவில் சில இடங்களைத் தேர்ந்து கடலடி உயிர்களைத் தவறாமல் எண்ணத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று பியேர் நுவார். பிரெஞ்சில் இதற்குக் கரும்பாறை என்று பொருள். ஆழம் சுமார் 17 மீட்டர். அடியில் சேறு சற்றே கலந்த பொடிமணல். எந்த விபத்தையும் எதிர்பார்த்து இது தொடங்கப்படவில்லை. பருவத்துக்குப் பருவம் கடலடிச் சமூகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சாதாரண வேலை அது. ஆய்வு நிதிக்கு எழுதினால் ஆர்வமாக வாசிக்க ஆளில்லாத வகை.

முறையும் எளிமையானது. கப்பலிலிருந்து இரும்பு அள்ளி ஒன்றை இறக்குவார்கள். அது தரையைத் தொட்டதும் இரண்டு தாடைகளும் மூடிக்கொண்டு 0.1 சதுர மீட்டர் பரப்பின் மண்ணை வாரி வரும். இப்படிப் பத்து முறை அள்ளினால் ஒரு சதுர மீட்டர். மண்ணை 1 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் கடல்நீர் விட்டு அலசி, மிஞ்சியதை ஃபார்மலினில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண வேண்டும். அள்ளுவதற்கு அரை நாள் போதும். எண்ணுவதற்கு வாரங்கள் ஆகும். சல்லடைக்கு முன் நின்று பழகியவர்களுக்கு அந்த வாரங்களின் கனம் தெரியும்.

அங்கே அவர்கள் கண்டதில் பெரும்பகுதி ஆம்பெலிஸ்கா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த ஓட்டுடலிகள். கோடையின் முடிவில் ஒரு சதுர மீட்டர் மணலில் அவை பல்லாயிரக்கணக்கில் இருந்தன. புழு, சிப்பி, நத்தை, கடல் முள்ளெலி எனப் பிற இனங்களின் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. தலை எண்ணினால் மட்டும் அந்த ஊர் ஆம்பெலிஸ்காவின் ஊர்.

அந்தச் சிற்றுயிர்

இந்த நிகழ்வு முழுவதும் இந்த உயிரின் வாழ்க்கைமுறையைச் சுற்றியே நடப்பதால், இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது.

ஆம்பெலிஸ்கா, ஆம்பிபாட் என்ற வரிசையைச் சேர்ந்தது. முதற்பார்வைக்கு நம் சந்தையில் படியால் அளந்து விற்கும் கூனியைப் போலத் தோன்றும். ஆனால் கூனி அல்ல. கூனிக்கும் இறாலுக்கும் தலையையும் மார்பையும் மூடிய ஓர் ஓடு உண்டு. ஆம்பிபாடுக்கு அது இல்லை. உடல் முழுவதும் கணுக்கணுவாகத் தெரியும். இருபுறமும் அமுக்கியதுபோலத் தட்டையாக இருப்பதால், கண்ணாடித் தட்டில் வைத்தால் ஒருக்களித்துத்தான் படுக்கும். பெரிதாக வளர்ந்ததும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். தலையில் இரண்டு இணைக் கண்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு வில்லை. உயிரோடு இருக்கும்போது அந்த நான்கும் சிவப்புப் புள்ளிகளாக மின்னும்.

இது வீடு கட்டி வாழும் உயிர். கால்களிலுள்ள சுரப்பிகளிலிருந்து பட்டுபோன்ற இழையைச் சுரந்து, அதில் மணலையும் சேற்றையும் ஒட்டித் தட்டையான ஒரு பையைப் பின்னும். பையின் பெரும்பகுதி மணலுக்குள் இருக்கும். வாய் மட்டும் மேலே தெரியும். அந்த வாயில் தலைகீழாகத் தொங்கியபடி நீரோட்டத்தில் வரும் துகளையும் மணலின் மேல் படிந்த துகளையும் வாரி உண்ணும். சல்லடையில் அலசும்போது இந்தப் பைகள் ஊறிய காகிதத் துண்டுகள்போல ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனப்பெருக்கத்தில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. சிப்பியும் பெரும்பாலான புழுக்களும் முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். அவற்றின் குஞ்சுகள் மிகச் சிறிய இளவுயிர்களாக வாரக்கணக்கில் மிதந்து தொலைதூரம் போய்ப் புதிய இடத்தில் குடியேறும். ஆம்பெலிஸ்கா அப்படிச் செய்வதில்லை. தாய் தன் வயிற்றடியில் உள்ள அடைகாப்புப் பையில் சில பத்து முட்டைகளை வைத்துக்கொள்கிறாள். பொரிந்து வெளிவருவது தாயின் சிறிய நகல். மிதக்கும் பருவமே கிடையாது. தாய் இருந்த மணலிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், பிள்ளையும் வீடு கட்டுகிறது. வளர்ந்தவை இணைசேரும் காலத்தில் இரவில் நீந்தி மேலே வருவதுண்டு. ஆனாலும் நெடும்பயணம் போகும் உயிர் அல்ல.

இருக்கும் மணல் கெட்டால் ஓட முடியாது. அழிந்தால் வெளியூரிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. மாசைக் காட்டும் உயிராக இது பயன்படுவதற்கு முதல் பாதி காரணம். இரண்டாம் பாதியின் விலை பின்னால்தான் தெரிந்தது.

1978 மார்ச் 16

லைபீரியக் கொடியேந்திய அமோகோ காடிஸ் என்ற பெருங்கப்பல் பாரசீக வளைகுடாவிலிருந்து ஏறக்குறைய 2,23,000 டன் கச்சா எண்ணெயுடன் ரோட்டர்டாமை நோக்கி வந்துகொண்டிருந்தது. அன்று காலை பத்து மணிக்குச் சற்று முன் உஷாந்துக்கு வடக்கே அதன் சுக்கான் செயலிழந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்த இழுவைக் கப்பலின் வடம் அறுந்தது, மறுபடி கட்டினார்கள். மீட்பு ஒப்பந்தத்தின் விதிகளைப் பற்றிய பேச்சும் இடையில் நடந்தது. இரவு ஒன்பது மணியளவில் கப்பல் போர்ட்சால் பாறைகளில் ஏறியது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பின்னர் கப்பல் உடைந்தது. அடுத்த இரு வாரங்களில் சரக்கு முழுவதும் கடலில் கலந்தது. 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரை கறுத்தது.

போர்ட்சாலிலிருந்து பியேர் நுவார் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. மார்ச் இறுதிவரை பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசிய காற்று எண்ணெயைக் கிழக்கு நோக்கியே தள்ளியது. சில நாள்களில் அது மோர்லே விரிகுடாவுக்குள் வந்துவிட்டது.

மேலே மிதக்கும் எண்ணெய் 17 மீட்டர் அடியிலுள்ள மணலை எப்படித் தொட்டது என்ற கேள்வி இயல்பானது. அது இலேசான கச்சா எண்ணெய். எளிதில் கரையும் நச்சுக்கூறுகள் அதில் நிறைய. புயற்கடலின் அலைகள் அதை நீரோடு கடைந்தன. சிறு துளிகளாக உடைந்த எண்ணெய் நீரில் மிதக்கும் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்தது. துகளை வாரி உண்ணும் உயிரின் வாசலுக்கே அது நேராக வந்து சேர்ந்தது.

கரையில் எடுத்த முடிவுகள்

டோரி கேன்யன் விபத்தின்போது ஆங்கிலேயர்கள் சுமார் 10,000 டன் சலவைப் பொருள்களைக் கரையோரம் கொட்டியதும், எண்ணெயைவிட அந்தச் சலவைப் பொருளே அதிக உயிர்களைக் கொன்றதும் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு நினைவிருந்தது. ஆகவே 50 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் எண்ணெய்ச் சிதறடிப்பான்களைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தார்கள். என் கணிப்பில் இது சரியான முடிவு. அலைகளே அந்த வேலையைச் செய்துவிட்டன என்பது வேறு விஷயம்.

எல்லா முடிவுகளும் அப்படி அமையவில்லை. கிழக்கேயுள்ள இல் கிராந்த் உப்புச் சதுப்பில் இராணுவத்தினர் எண்ணெய் படிந்த மேல்மண்ணைச் சில இடங்களில் அரை மீட்டர் ஆழம்வரை இயந்திரங்களால் வாரி எடுத்தார்கள். பின்னாளில் பார்த்தபோது, கைவைக்காமல் விட்ட சதுப்புகளைவிட இந்தச் சதுப்பு மெதுவாகவே தேறியது. வேருக்குத் தேவையான மண்ணே போய்விட்டது. கறை தெரிந்த இடத்தைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். தொலைக்காட்சிக் கேமராக்கள் கரையில் இருந்தன, கடலடியில் இல்லை.

கடலடியில் கண்டது

விபத்து நடந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், விரிகுடாவுக்குக் கிழக்கேயுள்ள மணற்கரைகளில் செத்த கடல் முள்ளெலிகளும் மட்டிகளும் இலட்சக்கணக்கில் ஒதுங்கின. மணலுக்குள் புதைந்து வாழ்பவை அவை. சாதாரண நாளில் கண்ணில் படவே படாதவை. அடியில் ஏதோ நடந்துவிட்டது என்பதற்குப் பொதுமக்கள் கண்ட முதல் சான்று அதுதான். கடற்பறவைகளும் ஆயிரக்கணக்கில் செத்தன. சிப்பி வளர்ப்பவர்கள் தொழிலை இழந்தார்கள்.

ஆம்பெலிஸ்கா ஒதுங்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் உடம்பு ஒதுங்கியிருந்தாலும் யார் பார்த்திருப்பார்கள்? ஆய்வாளர்கள் அதே இடத்தில் மீண்டும் அள்ளியை இறக்கினார்கள். மணல் வந்தது; பல இனங்களும் வந்தன. கடந்த ஆண்டு சல்லடையை அடைத்துக்கொண்ட கூட்டம் மட்டும் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பியேர் நுவாரில் எல்லாம் செத்துவிடவில்லை. பெரும்பாலான புழுக்களும் நத்தைகளும் சிப்பிகளும் தாக்குப்பிடித்தன. இனங்களின் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால், "கொஞ்சம் பாதிப்பு, பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அடி விழுந்தது பெரும்பாலும் ஒரே பேரினத்தின்மேல். அங்கு ஆதிக்கம் செலுத்திய ஆம்பெலிஸ்கா இனங்கள் ஏறக்குறைய முற்றாக மறைந்தன. ஆம்பெலிஸ்கா சார்சி என்ற ஓர் இனம் மட்டும் குறைந்த எண்ணிக்கையில் எஞ்சியது. ஒரே பேரினம், ஒரே வகை வீடு, ஏறத்தாழ ஒரே உணவு. ஆனாலும் ஒன்று தப்பியது, மற்றவை தப்பவில்லை. "ஆம்பிபாட்கள்" என்று ஒரே வரியில் எண்ணியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஆய்வாளர்களின் முடிவுகளும் காரணங்களும்

இந்த இடத்தில் அவர்கள் எடுத்த மூன்று முடிவுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மூன்றும் பார்வைக்குச் சாதாரணமானவை.

முதலாவது, முறையை மாற்றாமல் இருந்தது. பெரிய விபத்து, உலகமே பார்க்கிறது, அமெரிக்க நிறுவனமும் பிரெஞ்சு நிறுவனமும் கூட்டாக ஆய்வு செய்கின்றன. இந்தச் சூழலில் நவீனக் கருவியும் புதிய இடங்களும் வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. அவர்கள் அதே அள்ளி, அதே 1 மில்லிமீட்டர் சல்லடை, அதே இடம் என்று நின்றார்கள். 1977-இன் எண்ணும் 1979-இன் எண்ணும் ஒரே தராசில் நிற்பதற்கு அதுதான் காரணம். சல்லடைத் துளையை அரை மில்லிமீட்டராக்கினால் போதும், குஞ்சுகள் கூடுதலாக அகப்பட்டு, செத்தது தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது, இனம்வரை பிரித்து எண்ணியது. ஆம்பெலிஸ்காவின் இனங்களைப் பிரிப்பது எளிதல்ல. உணர்கொம்பின் நீளம், வால் பகுதியின் விளிம்பு, பின்காலின் வடிவம் என்று பார்த்தாக வேண்டும். கால் உடைந்த மாதிரியாக இருந்தால் தலைவலிதான். விபத்துக் காலத்து அவசரத்தில் "புழு, சிப்பி, ஓட்டுடலி" என்று மூன்று குவியலாகப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அறிக்கை தயாராகிவிடும். அதைச் செய்யவில்லை.

மூன்றாவது, நிறுத்தாமல் இருந்தது. இதைப் பற்றித்தான் இனிவரும் பகுதி.

எண்ணெய் போயிற்று, உயிர் வரவில்லை

திறந்த கடலோரத்துப் பொடிமணலில் எண்ணெய் நெடுங்காலம் தங்குவதில்லை. ஓதமும் அலையும் மணலைப் புரட்டுகின்றன. நுண்ணுயிரிகள் எண்ணெயைச் சிதைக்கின்றன. சேறு நிறைந்த கழிமுகங்களில்தான் அது ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்தது. பியேர் நுவார் மணலில் எண்ணெயின் அளவு சில ஆண்டுகளிலேயே பெரிதும் இறங்கிவிட்டது. இடையே 1980 மார்ச்சில் டானியோ என்ற கப்பல் உடைந்து அதே வடகரையில் மறுபடி எண்ணெய் பரவியது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேதியியலை மட்டும் நம்பியிருந்தால் எண்பதுகளின் தொடக்கத்திலேயே "கடல் தேறிவிட்டது" என்று கோப்பை மூடியிருக்கலாம். மணல் சுத்தம், நீர் சுத்தம். அள்ளியில் ஆம்பெலிஸ்கா மட்டும் பழைய எண்ணிக்கையில் இல்லை.

காரணம் அந்த அடைகாப்புப் பைதான். மோர்லே விரிகுடாவின் இந்தப் பொடிமணல் பரப்பு, கல்லும் சரளையும் நிறைந்த கடலடியின் நடுவே கிடக்கும் ஒரு தீவு. இதே இனங்கள் செழித்து வாழும் அடுத்த மணல் பரப்பு தொலைவில் இருக்கிறது. மிதந்து வரும் குஞ்சுப் பருவம் இருந்திருந்தால் ஓரிரு கோடைகளில் நிரம்பியிருக்கும். இல்லாததால், எஞ்சிய சிலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாய்க்கும் சில பத்துக் குஞ்சுகள். அவற்றிலும் தட்டைமீன்களின் பங்கு போக மீதி.

முதலில் பெருகியது எஞ்சிநின்ற சார்சி. விபத்துக்கு முன் முதலிடத்தில் இருந்த ஆம்பெலிஸ்கா ஆர்மோரிகானா போன்ற இனங்கள் பின்னால் மெதுவாக வந்தன. விபத்துக்கு முந்தைய அடர்த்தியை நெருங்க 10 முதல் 15 ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் இனங்களுக்கிடையேயான விகிதம் பழையபடி திரும்புவதற்கு அவகாசம் வேண்டியிருந்தது. இதைச் சொல்ல முடிந்தது, இருபது ஆண்டுகள் விடாமல் எண்ணியதால். அந்த இடைவெளியில் ஆராய்ச்சி மாணவர்களாக வந்தவர்கள் முனைவர்களாகி, முடி நரைத்து, தங்கள் மாணவர்களைச் சல்லடை முன் நிறுத்தியிருப்பார்கள்.

நீதிமன்றத்தில்

வழக்கு அமெரிக்காவில், சிகாகோவில் நடந்தது. 1984-இல் கப்பலின் உரிமையாளர் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்த 1988 தீர்ப்பில் கரையைத் துப்புரவாக்கிய செலவுக்குப் பணம் உண்டு. கடலடி உயிர்த்தொகுதி அழிந்ததற்கான கோரிக்கை தள்ளுபடியானது. யாருக்கும் உடைமையல்லாத பொருளின் இழப்புக்கு யார் உரிமை கோருவது என்பது ஒரு காரணம். கணக்கின் நிச்சயமின்மை இன்னொன்று.

எண்ணிவைத்த எண்ணிக்கை இருந்தும் அது தொகையாக மாறவில்லை. சட்டத்தின் மொழியில் ஆம்பெலிஸ்காவுக்கு ஊரும் இல்லை, பட்டாவும் இல்லை. இந்த ஏமாற்றம் வேறொரு வழியில் பயன்பட்டது. அறிவியல் அறிக்கையின் அட்டவணைகளை ஓர் அதிகாரி ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் எண்ணாக மாற்ற வேண்டும் என்ற தேவை எல்லோருக்கும் உறைத்தது.

எண்ணிக்கையிலிருந்து குறியீடு

1992 டிசம்பரில் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுக வாயிலில் ஈஜியன் சீ என்ற கப்பல் உடைந்தது. அருகிலிருந்த அரெஸ்-பெத்தான்சோஸ் கழிமுகத்திலும் ஆம்பிபாட்களே முதலில் சரிந்தன. அதற்கும் முன்பு, 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத்தில் ஒரு படகிலிருந்து டீசல் போன்ற எண்ணெய் கொட்டியபோதும் ஆம்பெலிஸ்கா மறைந்தது. காலியான அந்தச் சேற்றில் கேப்பிடெல்லா என்ற பாலிகீட் புழு மளமளவென்று பெருகியது. மாசைத் தாங்கி, குறைந்த காலத்தில் பெருகும் இத்தகைய புழுக்களைச் சந்தர்ப்பவாத இனங்கள் என்பார்கள். பெயர் சற்றுக் கடுமை. புழு என்ன செய்யும், இடம் காலியாக இருந்தது.

ஒரு பக்கம் ஆம்பிபாட் குறைகிறது, மறு பக்கம் இந்தப் புழு கூடுகிறது. இரண்டின் விகிதத்தையே அளவுகோலாக்கலாம் என்று 2000-இல் ஒரு முன்மொழிவு வந்தது. அதைத் திருத்தி 2007-இல் போபா என்ற குறியீடு வெளியானது. கணக்கு இதுதான்: மாதிரியிலுள்ள மொத்த உயிர்களில் சந்தர்ப்பவாதப் புழுக்களின் பங்கை எடுத்து, ஆம்பிபாட்களின் பங்கோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும்; விடையோடு ஒன்றைக் கூட்டிப் பத்தடி மடக்கை எடுக்க வேண்டும். சுழி என்றால் மாசில்லை, 0.30103 என்றால் மிக மோசம். ஜாசா என்ற பேரினத்தை மட்டும் ஆம்பிபாட் கணக்கில் சேர்ப்பதில்லை. மாசுபட்ட துறைமுகங்களிலும் கூட்டமாக வாழும் உயிர் அது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்ச் சட்டகம் கடலோர நீரை "மிக நன்று" முதல் "மோசம்" வரை ஐந்து தரங்களாகப் பிரிக்கச் சொன்னது. புழுக்களையும் ஆம்பிபாட்களையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும் என்ற அளவில் உழைப்பைக் குறைத்த இக்குறியீடு அந்தத் தேவைக்குப் பொருந்தியது.

இன்று செய்தால் எதை மாற்றுவது

குறியீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கற்பனை மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1,000 உயிர்கள்: 800 ஆம்பிபாட்கள், 20 சந்தர்ப்பவாதப் புழுக்கள், மற்றவை 180. போபா மதிப்பு ஏறக்குறைய 0.005 வரும். இப்போது எண்ணெய் வந்து 800 ஆம்பிபாட்களும் அழிந்தன. மற்ற 200 உயிர்களும் அப்படியே இருக்கின்றன, புழு பெருகவும் இல்லை. மதிப்பு ஏறக்குறைய 0.041. "மிக நன்று" தரத்தின் மேல் எல்லை 0.04576. ஊரில் ஐந்தில் நான்கு பேர் செத்த பிறகும் சான்றிதழ் "மிக நன்று" என்கிறது.

பியேர் நுவாரில் நடந்த முதன்மையான நிகழ்வு ஆம்பிபாட் மறைவுதான். புழுப் பெருக்கம் அல்ல. ஆக, எந்த விபத்து இந்தச் சிந்தனைக்கு விதை போட்டதோ அதே வகை விபத்தைக் குறியீடு குறைத்துக் காட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. கரிமக் கழிவு கொட்டும் இடத்தில் புழு பெருகும்; அங்கே விகிதம் நன்றாக வேலை செய்யும். திடீர் நச்சில் அப்படி அல்ல. ஆகவே குறியீட்டை மட்டும் அட்டவணையில் போடாமல் பக்கத்திலேயே ஆம்பிபாட்களின் வெறும் எண்ணிக்கையையும், இனவாரியாக, போட வேண்டும் என்று சொல்வேன்.

அடுத்தது ஒப்பீட்டு இடம். விரிகுடாவின் கணக்கெடுப்பு இடங்கள் எல்லாமே எண்ணெய் வந்த வழியில் இருந்தன. எண்ணெய் படாத, அதே ஆழமும் அதே மணலும் கொண்ட ஓர் இடத்தில் அதே ஆண்டுகளின் கணக்கு இருந்திருந்தால், குளிர்காலத்தின் கடுமையால் வந்த ஏற்ற இறக்கத்தையும் எண்ணெயால் வந்ததையும் எளிதாகப் பிரித்திருக்கலாம். ஆம்பெலிஸ்கா ஆண்டுக்குள்ளேயே பல மடங்கு கூடிக் குறையும் உயிர். வசந்தத்தில் எடுத்த மாதிரியைக் கோடை முடிவில் எடுத்ததோடு ஒப்பிடுவது தவறு. 1977-இலிருந்து பருவம்தோறும் எடுத்த மாதிரிகள் இருந்ததால் அவர்கள் இதில் தப்பினார்கள். விபத்துக்கு முன் ஒரே ஓராண்டுக் கணக்குதான் என்ற குறை மட்டும் தீரவில்லை.

மூன்றாவது, ஆய்வகச் சோதனை. களத்தில் உயிர் இல்லை என்பது மட்டும் நச்சைக் காட்டாது. மணலின் தன்மை மாறியிருக்கலாம், மீன் தின்றிருக்கலாம். 1978-இல் வண்டலின் நச்சை நேரடியாகச் சோதிக்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட முறை இல்லை. இப்போது இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1994-இல் வெளியிட்ட முறையில், சந்தேகத்துக்குரிய வண்டலைக் கண்ணாடிக் கலங்களில் இட்டு, கலத்துக்கு 20 ஆம்பிபாட்கள் வீதம் விட்டு, பத்து நாள் கழித்துச் சல்லடையில் கொட்டி உயிரோடிருப்பவற்றை எண்ணுகிறார்கள். அதில் பயன்படும் நான்கு இனங்களுள் ஆம்பெலிஸ்கா அப்டிட்டா ஒன்று. சுத்தமான வண்டலில் விட்டவற்றில் 90 விழுக்காடாவது பிழைக்காவிட்டால் சோதனையே செல்லாது. ஐரோப்பாவில் இதே வேலையைக் கொரோஃபியம் என்ற சேற்று ஆம்பிபாட் செய்கிறது. விபத்து நடந்த வாரத்திலேயே பியேர் நுவார் மணலில் ஒரு வாளியை எடுத்து இந்தச் சோதனையைச் செய்திருந்தால், "செத்தது எண்ணெயால்தானா" என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. வேறு கரையில் இதே வேலையைத் தொடங்குபவர்கள் ஆம்பெலிஸ்காவைத் தேடி அலைய வேண்டாம். வெப்பக் கடலின் சேற்றில் ஆம்பிபாட்கள் இயல்பாகவே குறைவாக இருக்கும் இடங்கள் உண்டு. உப்பு குறைந்த கழிமுகத்திலும் அப்படித்தான். அங்கே அவை இல்லாதது எதையும் நிரூபிக்காது. முதலில் ஓரிரு ஆண்டுகள் பருவம்தோறும் அள்ளிப் பார்த்து, அந்த மண்ணில் யார் அதிகம், யார் மிதக்கும் குஞ்சு விடுகிறார்கள், யார் பையில் அடைகாக்கிறார்கள் என்று பட்டியலிட வேண்டும். பொறுக்கி எடுத்தவற்றைச் சாராயத்தில் இட்டு, நாள், இடம், ஆழம், சல்லடைத் துளை நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துபோன புட்டிகளை நான் கண்டிருக்கிறேன். உயிர்கள் கெடாமல் இருந்தன, எந்தக் கடலைச் சேர்ந்தவை என்றுதான் தெரியவில்லை.